நூலின் பெயர் இல்லாத பொதி: ஹாத்திடிரஸ்ட் மின்சேமிப்பகம் குறித்த நிகழ்வு ஆய்வு

2004 டிசம்பரில் கூகுள் நிறுவனம் சில பெரிய நூலகங்களின் நூல்களை ஸ்கேன் செய்யப்போவதாக அறிவித்தது. அந்த நூலகங்களில் ஒன்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகம். அங்கே மட்டும் சுமார் 70 லட்சம் நூல்கள் ஸ்கேனுக்குக் காத்திருந்தன. அறிவிப்பு வந்த நாளில் எல்லோரும் ஸ்கேனரைப் பற்றியும் பதிப்புரிமையைப் பற்றியும் பேசினார்கள். நூலகத்தின் உள்ளே இருந்தவர்களுக்கு வேறொரு கவலை இருந்தது. ஒப்பந்தப்படி ஒவ்வொரு நூலின் மின்படியும் நூலகத்துக்குத் திரும்பி வரும். வருவதை எங்கே, எந்த வடிவில், எத்தனை காலத்துக்கு வைத்திருப்பது?

கேள்வியின் அளவை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். 300 பக்க நூல் ஸ்கேனாகி வந்தால் பக்கத்துக்கு ஒரு படம், எழுத்துணரி மென்பொருள் அந்தப் படத்திலிருந்து எடுத்த உரைக்கோப்பு ஒன்று, ஒவ்வொரு சொல்லும் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் கோப்பு ஒன்று என ஏறத்தாழ 900 கோப்புகள் வரும். இதை 70 லட்சத்தால் பெருக்கினால் நூற்றுக்கணக்கான கோடிக் கோப்புகள். இவற்றில் எது எந்த நூலுடையது, எது எந்தப் பக்கம், நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்பதை மனிதக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கோப்புகளே தங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2008 அக்டோபரில் மிச்சிகனும் அமெரிக்க மத்திய மேற்கின் மற்ற பல்கலைக்கழகங்களும் கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகங்களும் சேர்ந்து ஹாத்திடிரஸ்ட் என்ற கூட்டுச் சேமிப்பகத்தைத் தொடங்கின. இன்று அதில் 1.7 கோடிக்கு மேற்பட்ட நூற்படிகள் இருக்கின்றன. 2011 மார்ச்சில் ஆராய்ச்சி நூலகங்களுக்கான மையம் இதை நம்பகமான சேமிப்பகம் என்று தணிக்கை செய்து சான்றளித்தது. கோப்புகளைப் பற்றிய தகவல்களை எழுதும் மீதரவுத் தரங்களைக் கொண்டு மின்னூல்களைப் பொதிந்து காப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே இருக்கும் நூல்களின் எண்ணிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நூலின் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதிக்குள் எதை வைப்பது, எதை வெளியே வைப்பது என்று அவர்கள் கோடு கிழித்த விதம்தான் படிக்க வேண்டிய பாடம்.

பொதியின் உள்ளே

முதலில் தரங்களைப் பற்றிச் சுருக்கமாக. 1997-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நூலகம் முன்னின்று நடத்திய 'மேக்கிங் ஆஃப் அமெரிக்கா 2' என்ற திட்டம், மின்னுருவாக்கிய ஆவணங்களின் பக்க அமைப்பையும் நிர்வாகத் தகவலையும் கணினியும் மனிதரும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் வடிவில் பதிய ஒரு முறையை வகுத்தது. அதன் குறைகளைக் களைந்து 2001-இல் உருவெடுத்ததுதான் மெட்ஸ். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைப் பராமரித்து வருகிறது. மெட்ஸ் கோப்பில் நூல் விவரம், நிர்வாக விவரம், கோப்புப் பட்டியல், அமைப்பு வரைபடம் எனப் பல பகுதிகள் இருக்கலாம். கட்டாயம் இருக்க வேண்டியது அமைப்பு வரைபடம் மட்டுமே. படங்களின் குவியலை நூலாக்குவது வரிசை என்பதை இந்தத் தரத்தை வகுத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். 2005-இல் வந்த பிரீமிஸ், ஒரு கோப்புக்கு என்னென்ன நேர்ந்தது, யார் செய்தது, எந்த மென்பொருளால் செய்தது என்ற வரலாற்றைப் பதியும் சொற்தொகுதி. இரண்டுக்கும் பின்னால், மின்சேமிப்பகம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் ஓஏஐஎஸ் என்ற மாதிரி நிற்கிறது. விண்வெளித் தரவுகளுக்கான ஆலோசனைக் குழு உருவாக்கி, 2003-இல் ஐஎஸ்ஓ தரமான அது, ஒப்படைக்கும் பொதி, காக்கும் பொதி, வழங்கும் பொதி என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது.

இவை எல்லாம் தாளில் இருக்கும் இலக்கணம். ஹாத்திடிரஸ்டில் ஒரு நூலின் இருப்பிடத்தை நேரில் பார்ப்போம்.

மிச்சிகன் நூலகத்தின் புத்தகம் ஒவ்வொன்றின் மேலும் 39015 என்று தொடங்கும் 14 இலக்கப் பார்கோடு ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு முன்னால் எந்த நூலகம் என்று காட்டும் ஒரு குறி சேரும், மிச்சிகனுக்கு 'எம்டிபி'. இரண்டும் சேர்ந்ததுதான் நூற்படியின் அடையாளம். வட்டில் அதைத் தேடும்போது பார்கோடு இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரிந்து கோப்புறைகளாகிறது: 39, அதற்குள் 01, அதற்குள் 5 என்று தொடங்கும் அடுத்த இரண்டு இலக்கங்கள், இப்படியே கடைசி வரை. கலிபோர்னியா மின்னூலகம் வகுத்த இந்த முறைக்குப் பேர்ட்ரீ என்று பெயர். ஒரே கோப்புறையில் லட்சக்கணக்கில் குவித்தால் கணினி திணறும்; இந்த முறையில் அந்தச் சிக்கல் இல்லை. இதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. எந்தத் தரவுத்தளமும் இல்லாமலேயே, பார்கோடு தெரிந்தால் நூலிடம் போய்விடலாம். நூலிருக்கும் இடம் தெரிந்தால் அதன் பார்கோடும் தெரிந்துவிடும். நாளை தரவுத்தளம் பழுதானாலும் சேமிப்பகம் திசை தெரியாமல் நிற்காது.

கடைசிக் கோப்புறையைத் திறந்தால் இரண்டே கோப்புகள். ஒன்று ஜிப், மற்றது மெட்ஸ். 900 கோப்புகளை ஒரே ஜிப்பில் கட்டியதால் நகலெடுப்பதும் சரிபார்ப்பதும் எளிதாயின. ஜிப்பைத் திறக்க உலகில் எங்கும் கருவி உண்டு என்பதால் எதிர்காலத்தில் பூட்டிக்கொள்ளும் அச்சமும் குறைவு.

ஜிப்பின் உள்ளே 00000001 முதல் எட்டு இலக்க எண்களில் பக்கங்கள். கறுப்பு வெள்ளை எழுத்துப் பக்கம் அங்குலத்துக்கு 600 புள்ளி கொண்ட டிஃப் படமாகவும், ஓவியமோ நிழற்படமோ இருக்கும் பக்கம் ஜேபெக் 2000 படமாகவும் இருக்கும். ஒரே நூலுக்குள் இரண்டும் கலந்து வருவது சாதாரணம். அதே எண்ணில் உரைக்கோப்பும் சொற்களின் இடம் காட்டும் கோப்பும் இருக்கும்.

இனி மெட்ஸ். ஜிப்பில் உள்ள ஒவ்வொரு கோப்பும் இங்கே பெயர் சொல்லிப் பதியப்பட்டிருக்கிறது. பைட் கணக்கில் அளவும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து எம்டி5 முறையில் கணக்கிட்ட செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணும் கூடவே இருக்கின்றன. ஒரு கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் செக்சம் மாறிவிடும். பொதிகள் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஒரு படி, இண்டியானாவின் இண்டியானாபொலிசில் ஒரு படி, அதற்கு மேல் நாடாக் காப்பு என்று வைக்கப்படுகின்றன. அப்போது எந்த இடத்துப் படி கெட்டுப்போனது, எது நல்ல படி என்று தீர்ப்புச் சொல்வது இந்த எண்தான். பல படிகள் வைத்திருந்தும் செக்சம் வைக்காத சேமிப்பகத்தில், இரண்டு படிகள் வேறுபட்டால் எதை நம்புவது என்று யாருக்கும் தெரியாது.

அமைப்பு வரைபடத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று தகவல்கள்: எத்தனையாவது படம், அச்சில் என்ன பக்க எண், அது என்ன வகைப் பக்கம். வகை என்றால் முன் அட்டை, தலைப்புப் பக்கம், பொருளடக்கம், அத்தியாயத் தொடக்கம், வெற்றுப் பக்கம் போன்றவை. 00000017 என்ற படம் அச்சில் 5-ஆம் பக்கமாக இருக்கலாம். முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் இருந்திருக்கும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், அடிக்குறிப்பில் 'பக்கம் 112' என்று படித்துவிட்டு வரும் ஆய்வாளர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் 'பொருளடக்கம்' என்று சொல்லி அங்கே அழைத்துப்போவதும் இதே தகவலால் சாத்தியமாகிறது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஹாத்திடிரஸ்ட் மீது 2011-இல் தொடுத்த வழக்கில், 2014 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு உரையில் தேடுவதையும், அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு நூலை அளிப்பதையும் பதிப்புரிமையை மீறாத நியாயமான பயன்பாடு என்று ஏற்றது. உரிமையை நீதிமன்றம் கொடுத்தது. அந்த உரிமை ஒரு வாசகரின் கைக்கு வந்து சேரும் வழியில் பக்க வகைக் குறிப்புகளுக்கும் பங்கு இருக்கிறது.

பிரீமிஸ் பகுதி நூலின் பயணக் குறிப்பு. ஸ்கேன் செய்த நாள், கோப்புகளுக்குச் செக்சம் கணக்கிட்ட நாள், சரிபார்த்த நாள், ஜிப் கட்டிய நாள், சேமிப்பகத்தில் ஏற்றிய நாள் என ஒவ்வொரு நிகழ்வும் தேதியுடன், செய்த நிறுவனத்தின் குறியீட்டுடன், பயன்பட்ட மென்பொருளின் பெயருடன் நிற்கிறது.

வாசலில் நடக்கும் சோதனை

பொதி எவ்வளவு அழகாக வகுக்கப்பட்டிருந்தாலும், உள்ளே போவது குப்பையானால் பயனில்லை. ஹாத்திடிரஸ்ட் வாசலிலேயே கண்டிப்பாக இருக்கிறது. பார்கோடின் கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் பொருந்துகிறதா, பக்க வரிசையில் எண் விடுபட்டிருக்கிறதா, உரைக்கோப்புகள் முறையான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ளனவா, அனுப்பியவர் தந்த செக்சமும் இங்கே கணக்கிட்டதும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். ஜோவ் என்ற கருவி ஒவ்வொரு படமும் தன் வடிவ இலக்கணப்படி அமைந்திருக்கிறதா என்று சோதிக்கிறது. ஒன்று தவறினாலும் நூல் உள்ளே ஏறாது.

இதை அதிகப்படியான கெடுபிடி என்று நினைப்பவர்கள் உண்டு. இப்போதைக்கு ஏற்றிவிடலாம், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்ற வாதத்தைச் சிறிய சேமிப்பகங்களில் எப்போதும் கேட்கலாம். என் கருத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு நூலில் பக்கம் குறைவதை ஸ்கேன் செய்த வாரத்தில் கண்டால், நூலை மறுபடி எடுத்து அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்யலாம். ஐந்து ஆண்டு கழித்துக் கண்டால், மூலநூல் செல்லரித்திருக்கும், அல்லது உரிமையாளரிடம் திரும்பிப் போயிருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் இங்கே கவனிக்கத்தக்கது. நூல்கள் கூகுளிடமிருந்து மட்டும் வருவதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலிருந்தும், உறுப்பு நூலகங்கள் தாங்களே ஸ்கேன் செய்தவற்றிலிருந்தும் வருகின்றன. ஒவ்வொருவரின் கோப்புப் பெயரும் தகவல் அமைப்பும் வேறு. ஹாத்திடிரஸ்ட் இதை இரண்டு அடுக்காகக் கையாண்டது. வந்த இடத்தின் தனித்தன்மைகளைச் சுமக்கும் மூல மெட்ஸ் ஒன்றை ஜிப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். வெளியே நிற்கும் மெட்ஸ் எல்லா நூல்களுக்கும் ஒரே அச்சில் வார்த்தது. அன்றாட வேலைகளுக்கு வெளி மெட்ஸ் போதும். நூல் எப்படி வந்தது என்று துருவ வேண்டிய நாளில் மூல மெட்ஸ் காத்திருக்கும். சீர்மையும் வேண்டும், வந்தது எதையும் தூக்கி எறியவும் கூடாது என்ற இரண்டு விருப்பங்களை இவ்வளவு எளிமையாக இணைத்தது பெரிய சாமர்த்தியம்.

வெளியே வைக்கப்பட்டவை

இப்போது தலைப்பில் சொன்ன செய்திக்கு வருகிறேன். அந்த வெளி மெட்ஸ் கோப்பில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் இல்லை. நூல் விவரம் இருக்க வேண்டிய பகுதியில், இந்த அடையாள எண்ணுக்குரிய மார்க் பதிவை (நூலகங்கள் நூல் விவரம் எழுதும் வடிவம்) நூற்பட்டியலில் பார்த்துக்கொள் என்று சுட்டும் ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. பதிப்புரிமை நிலையும் அங்கே இல்லை. அது தனித் தரவுத்தளத்தில் இருக்கிறது.

முதலில் பார்ப்பவருக்கு இது பெருங்குறையாகத் தோன்றும். காக்கும் பொதி தன்னைத் தானே விளக்க வேண்டும் என்பதுதானே ஓஏஐஎஸ் மாதிரியின் சாரம்? ஆனால் காரணம் வலுவானது. பக்கப் படம் மாறாது. நூற்பட்டியல் பதிவு மாறிக்கொண்டே இருக்கும். ஆசிரியர் பெயரின் வடிவம் திருத்தப்படும், பொருள் தலைப்புகள் மாறும், ஒரே நூலுக்கு இரண்டு நூலகங்கள் எழுதிய பதிவுகள் ஒன்றாக்கப்படும்.

தமிழ் நூல்களையே எடுத்துக்கொள்ளலாம். 1962 முதல் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழ் இந்திய மொழி நூல்கள் காங்கிரஸ் நூலகத்தின் புதுடில்லி அலுவலகம் வழியாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. ஹாத்திடிரஸ்டில் தமிழ் நூல்கள் இருப்பதற்கு அந்தக் கொள்முதல் ஒரு முக்கியக் காரணம். அவற்றுக்குப் பட்டியலிட்டவர்கள் நூற்பெயரை ரோமன் எழுத்தில்தான் பதிந்தார்கள். தமிழ் எழுத்து வடிவம் பிற்காலத்தில் பதிவுகளில் சேரலாம். அப்படிச் சேரும் ஒவ்வொரு முறையும் பொதியைத் திறந்து, மெட்ஸைத் திருத்தி, செக்சம் கணக்கிட்டு, இரண்டு நகரங்களிலும் மாற்றி வைப்பதென்றால் காக்கும் வேலையே கெடுக்கும் வேலையாகிவிடும். பொதியைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆபத்து.

உரிமை விஷயத்தில் இந்த முடிவின் அருமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2019 ஜனவரி 1 அன்று, 1923-இல் வெளியான நூல்கள் அமெரிக்காவில் பொதுவுடைமையாயின. அதுவரை தேட மட்டும் அனுமதி இருந்த ஏராளமான நூல்களை முழுதாகத் திறந்துவிட, உரிமைத் தரவுத்தளத்தில் குறியீட்டை மாற்றினால் போதும். 2020 மார்ச்சில் கொரோனாவால் நூலகங்கள் மூடப்பட்டபோது, உறுப்பு நூலகங்கள் தங்கள் அலமாரியில் அச்சுப் படியாக வைத்திருந்த நூல்களுக்கு ஈடாக மின்படியைத் தற்காலிகமாக வாசிக்கும் சேவை அந்த மாதக் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. யார் எதைப் படிக்கலாம் என்ற விதி பொதிக்குள் எழுதப்பட்டிருந்தால் இவ்வளவு வேகம் சாத்தியமில்லை.

உரைக்கோப்புகளின் கதை வேறு. அவை பொதிக்குள்ளே இருந்தாலும் மாறக்கூடியவை. கூகுள் தன் மென்பொருளை மேம்படுத்திப் பழைய ஸ்கேன்களை மறுபடி பதப்படுத்தும்போது, நூல் மீண்டும் சேமிப்பகத்தில் ஏற்றப்பட்டுப் பழைய பொதியின் இடத்தில் புதியது அமர்கிறது. பிரீமிஸில் அதற்கான தேதி ஏறுகிறது. தமிழுக்கு இது முக்கியமான விஷயம். தமிழ் எழுத்துணரி மென்பொருள்கள் தேறிய அளவுக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். ஆங்கில நூலில் தேடல் நன்றாக இயங்கிய காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து கிடைத்த உரை பெரும்பாலும் பயனற்றது. படம் நல்ல தரத்தில் காக்கப்பட்டிருந்தால் உரையை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உரையில் சொல் எண்ணிக்கை செய்து கட்டுரை எழுதும் ஆய்வாளர், தான் பயன்படுத்தியது எந்தத் தேதியில் ஏற்றிய பொதி என்று குறிப்பிட வேண்டும். பலர் இதைக் குறிப்பிடுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பெயரை வெளியே வைத்ததற்கு விலை இல்லாமல் இல்லை. நூற்பட்டியல் விவரங்களை நிர்வகிக்கும் ஜெஃபிர் என்ற அமைப்பு கலிபோர்னியாவில் இயங்குகிறது. பொதிகள் மிச்சிகனிலும் இண்டியானாவிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்தால், பார்கோடு மட்டும் தாங்கிய கோடிக்கணக்கான பொதிகள் மிஞ்சும். தலைப்புப் பக்கத்தின் படத்தைத் திறந்து மனிதர் பார்த்தால் பெயர் தெரியும். இத்தனை கோடிப் பொதிகளை யார் திறந்து பார்ப்பது? பெரும் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து நிற்பதால்தான் இந்த ஏற்பாடு பாதுகாப்பாக இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் அப்படி ஒரு கூட்டமைப்பு இல்லாதவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிறிய சேமிப்பகம் என்ன செய்ய வேண்டும்

தமிழில் மின்சேமிப்பு வேலை பெரும்பாலும் தன்னார்வலர்களாலும் சிறு நிறுவனங்களாலும் நடக்கிறது. இங்கே முதலில் சாவது கோப்பு இல்லை. இணையதளமும் அதன் தரவுத்தளமும்தான் முதலில் போகின்றன. நிதி நின்று, வழங்கியின் கட்டணம் கட்டாமல் போனால், பட்டியல் ஒரே நாளில் மறையும். வன்தட்டில் படக்கோப்புகள் மட்டும் மிஞ்சும். ஆகவே இங்கே கோட்டை எதிர்ப்பக்கமாகக் கிழிக்க வேண்டும்: பெயர், ஆசிரியர், ஆண்டு, மூலப்படி இருக்கும் இடம், உரிமை நிலை எல்லாம் பொதிக்குள்ளேயே போக வேண்டும். சீர்ப் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்திரம் தன் கதையைச் சொல்லிவிடும். விவரம் பின்னால் மாறினால் மாறட்டும். பழைய விவரமாவது பொதியோடு இருப்பது, ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிடப் பல மடங்கு மேல்.

தமிழ் நூல்களை மின்னுரையாக்கி இணையத்தில் வெளியிட 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதை எந்தத் தரத்தின் பெயரையும் சொல்லாமலேயே செய்தது. அதன் ஒவ்வொரு மின்னுரையின் தொடக்கத்திலும் நூற்பெயர், ஆசிரியர், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகிய விவரங்கள் உரையோடு சேர்ந்தே இருக்கும். அந்த உரையை யார் எங்கே நகலெடுத்துப் போட்டாலும் விவரமும் கூடவே போயிற்று. உரைகள் டிஸ்கி என்ற குறியாக்கத்திலும் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் முறை) பின்னர் யூனிகோடிலும் வெளிவந்தன. அந்தக் காலத்தில் தமிழில் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று குறியாக்கங்கள் பல இருந்தன. எந்தக் குறியாக்கம் என்று எழுதி வைக்காத பழைய கோப்பைத் திறந்தால் இன்று பொருளற்ற ரோமன் குறிகள்தான் தெரியும். பிரீமிஸ் கேட்கும் தகவல்களில் கோப்பின் வடிவமும் பதிப்பும் முன்வரிசையில் நிற்பதன் காரணம் தமிழருக்கு விளக்கத் தேவையில்லாதது.

முழு மெட்ஸ் எழுத ஆளில்லாத இடத்தில் பேக்இட் என்ற பொதி கட்டும் முறை போதுமான தொடக்கம். காங்கிரஸ் நூலகமும் கலிபோர்னியா மின்னூலகமும் உருவாக்கிய இந்த முறை 2018-இல் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 8493 என்ற எண்ணில் வெளியானது. இதற்குத் தேவை ஒரு கோப்புறையும் சில சாதாரண உரைக்கோப்புகளும்தான். 'டேட்டா' என்ற உள்கோப்புறையில் படங்களும் உரைகளும். அதற்கு வெளியே ஒவ்வொரு கோப்பின் பெயரும் செக்சமும் வரிசையாக எழுதிய பட்டியல். பொதி கட்டிய நிறுவனம், தேதி, உள்ளடக்கக் குறிப்பு அடங்கிய தகவல் கோப்பு. மொத்த பைட்டுகளையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதும் வரியும் அந்தத் தகவல் கோப்பில் உண்டு. வன்தட்டு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், முழுச் செக்சம் சோதனைக்கு முன்பே இந்த ஒரு வரியைப் பார்த்து ஏதாவது குறைகிறதா என்று சொல்லிவிடலாம்.

இதனோடு இரண்டு கோப்புகளை நானாகச் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, நூல் விவரத்தை மாட்ஸ் அல்லது டப்ளின் கோர் வடிவில் எழுதிய எக்ஸ்எம்எல். தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் பெயர் இருக்கட்டும். மற்றது, பட எண்ணுக்கு எதிரே அச்சுப் பக்க எண்ணை எழுதிய இரண்டு நிரல் அட்டவணை. பழைய தமிழ் நூல்களில் பாயிரம், சிறப்புப் பாயிரம், பிழைதிருத்தம், விளம்பரப் பக்கங்கள் என்று எண்ணில்லாத பக்கங்கள் நிறைய வரும். பிழைதிருத்தப் பக்கத்தைத் தனியே குறித்துவைத்தால் உரை பதிப்பிப்பவருக்குப் பேருதவி. நாளை ஒரு பெரிய நூலகம் இந்தத் தொகுப்பை ஏற்க முன்வந்தால், அதன் கணினியர்கள் இந்த இரண்டு கோப்புகளிலிருந்து மெட்ஸை எந்திரத்தாலேயே உருவாக்கிக்கொள்வார்கள். அட்டவணையை நிரப்ப ஏற்ற நேரம் ஸ்கேன் செய்தவரின் மேசையில் நூல் இன்னும் திறந்திருக்கும்போதுதான். அந்த வேலையை ஸ்கேன் கூலியிலேயே சேர்த்துப் பேசிவிட வேண்டும்.